வட்டக்கானலில் இருந்து வெள்ளகவிக்கு ஓடிப்போய்த் திரும்ப முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மதுரையில் மூன்று வருடமாக ஓடுகிறீர்கள். அரை மாரத்தானை 2 மணி 10 நிமிடத்தில் முடிக்கிறீர்கள். ஜனவரியில் இரண்டு நண்பர்களோடு கொடைக்கானல் வந்து, பக்கத்தில் உள்ள வட்டக்கானலில் கிளம்பி, டால்பின் நோஸ் பாறையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கீழே வெள்ளகவி ஊர் வரை ஓடி, வந்த வழியே திரும்ப ஆசைப்படுகிறீர்கள். தூரம் அரை மாரத்தானை விடக் குறைவுதான், இரண்டு மணி நேரம் போதுமா, தனியாகப் பயிற்சி வேண்டுமா, நண்பர் ஒருவருக்கு முட்டி வலி இருக்கிறது, அவரும் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு மணி நேரம் போதாது. நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். பயிற்சி கட்டாயம் வேண்டும், ஆனால் நீங்கள் நினைக்கும் பயிற்சி அல்ல. முட்டி வலிக்காரரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குன்னூரிலும் டால்பின் நோஸ் என்று ஒரு காட்சிமுனை இருக்கிறது. கேத்தரின் அருவிக்கு எதிரே, கிட்டத்தட்டக் காட்சிமுனை வரைக்கும் காரில் போகத் தார்ச்சாலை போட்ட இடம் அது. இணையத்தில் அதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடைக்கானலில் உள்ளது வேறு. பழனி மலைத்தொடரின் தெற்கு விளிம்பில், பள்ளத்தின் மேல் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தட்டைப் பாறை. அதற்குக் காலால்தான் போக முடியும்.

இந்தப் பாதையில் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, இது தலைகீழ் மலை என்பதுதான். சதுரகிரியோ பர்வதமலையோ போனால் முதலில் ஏறுவோம். முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம் என்பதால் மலையே நம்மைக் காப்பாற்றிவிடும். இங்கே வட்டக்கானல்தான் உச்சி. காட்சிமுனை அதற்குக் கீழே. வெள்ளகவி அதற்கும் வெகு கீழே. புதுக்காலோடு இறங்குகிறீர்கள், களைத்த காலோடு ஏறுகிறீர்கள். இறங்கும்போது உடம்பு எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. மூச்சு வாங்காது, வியர்க்காது, சில்லென்று காற்று அடிக்கும், "இவ்வளவுதானா" என்று தோன்றும். கணக்கு முழுவதும் திரும்பும்போதுதான் வரும்.

நான் முதல்முறை போனபோது வெள்ளகவிக்கு ஐம்பது நிமிடத்தில் இறங்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய சாதனையாகத் தெரிந்தது. திரும்பி ஏறத் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் வலது தொடையின் உள்பக்கம் சுருட்டிப் பிடித்தது. காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. ஒரு மரவேரில் உட்கார்ந்திருந்தபோது தலைச்சுமையோடு ஏறி வந்த ஒரு பாட்டி நின்று, "ஓடியாந்தீகளா சாமி? எறங்கயில ஓடுனா ஏறயில காலு கேக்காதுல்ல" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடித்துத் தோலைப் பிரித்துக் கையில் கொடுத்தார். என்னிடம் உப்பு இருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்து நடக்க முடிந்தது. அன்று மேலே வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. அந்தப் பாட்டி சொன்ன ஒரே வாக்கியத்தில் இந்தப் பாதைக்கான பயிற்சித் திட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஏன் காலு கேட்காது? ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது, அதாவது உடம்பின் எடையை விழவிடாமல் பிரேக் பிடிக்கிறது. நீளும்போது பாரம் தாங்குவதால் தசைநார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆனால் வலிமை அப்போதே குறைந்துவிடுகிறது. மாட்டுத்தாவணி சாலையிலும் வைகைக் கரையிலும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இந்த பிரேக் வேலையைத் தொடை பழகியிருக்காது. சமதளத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஒருமுறை மிதமாக இறங்கி ஓடி வலியை வாங்கிக்கொண்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே தசை அதே வேலையில் அவ்வளவு அடிபடாது. அந்தப் பாதுகாப்பைத்தான் முன்கூட்டியே சம்பாதித்து வைக்க வேண்டும்.

அதற்குச் சிறுமலை இருக்கிறது. திண்டுக்கல் பக்கத்தில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். மதுரையிலிருந்து அதிகாலையில் கிளம்பினால் விடியும் நேரத்தில் அடிவாரத்தில் நிற்கலாம். வேகமாக நடந்து ஏறுங்கள், இறங்கும்போது ஓடுங்கள். முதல் தடவை ஆறு வளைவு போதும். பத்து நாள் இடைவெளி விட்டு அடுத்த தடவை பத்து வளைவு, அதன்பின் முழுவதும். அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுரகங்கை போகும் மலைச்சாலையும் நல்ல களம்தான். வார நாட்களில் காலையில் வண்டி குறைவு. கடைசிக் கடுமையான இறக்கப் பயிற்சி, கொடைக்கானல் போகும் நாளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வீட்டில் வாரம் இரண்டு நாள், ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று மற்றக் குதிகாலைக் கீழ்ப்படி வரை மெதுவாக, ஐந்து எண்ணும்வரை இறக்கித் தூக்குங்கள். பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி. பத்துத் தடவையில் தொடை நடுங்கும். வார மொத்தக் கிலோமீட்டரைக் கூட்டவே வேண்டாம். உங்களுக்கு இருக்கிற மூச்சுத்திறன் போதும்.

இனி நேரக் கணக்கு. மலையில் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1892-இல் ஸ்காட்லாந்தின் நெய்ஸ்மித் என்பவர் சொன்ன பழைய விதி ஒன்று இன்றும் உதவுகிறது: நடையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உதாரணமாகப் போக வர 12 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 700 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நடைக்கே ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் வருகிறது. நல்ல பழக்கமுள்ள ஓட்டக்காரர் இதில் ஒரு மணி நேரத்தைக் குறைக்கலாம். முதல்முறை வருகிறவர் குறைக்க முயல வேண்டாம். ட்ரெயில் ஓட்டக்காரர்கள், அதாவது மலைப் பாதையிலும் காட்டுப் பாதையிலும் ஓடுபவர்கள், வேறொரு சுலபக் கணக்கும் வைத்திருக்கிறார்கள்: 100 மீட்டர் ஏற்றம் ஒரு கிலோமீட்டர் தட்டை ஓட்டத்துக்குச் சமம். அதே உதாரணம் 19 கிலோமீட்டர் ஆகிறது. உங்கள் அரை மாரத்தான் பக்கத்தில் வந்துவிட்டதல்லவா? அதுவும் வேரும் கல்லும் பாசியும் சேராத கணக்கு.

வேர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வட்டக்கானல் தார்ச்சாலை முடிந்து பாதை காட்டுக்குள் இறங்கும் இடத்தில் மண் அரித்துப்போய் மரவேர்கள் படிக்கட்டு மாதிரி வெளியே நிற்கும். ஆயிரக்கணக்கான கால்கள் பட்டுத் தேய்ந்து, தேக்கு நாற்காலிக் கை போல வழவழவென்று பளபளக்கும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. காலைப் பனி பட்டதும் சோப்புத் தடவியது மாதிரி ஆகிவிடும். வேரின் மேல் கால் வைக்காதீர்கள், வேருக்கும் வேருக்கும் நடுவில் இருக்கும் மண்ணில் வையுங்கள். வேறு வழியில்லை என்றால் பாதத்தைக் குறுக்காக வைத்து, எடையைப் போடாமல் தொட்டுத் தாண்டிவிடுங்கள். அடி சிறிதாக இருக்கட்டும், எண்ணிக்கை கூடட்டும். உடம்பைப் பின்னால் சாய்க்கப் பயம் சொல்லும், அப்படிச் சாய்ந்தால்தான் குதிகால் வழுக்கும். இடுப்பு பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கண் காலைப் பார்க்கக் கூடாது, மூன்று நான்கு காலடி முன்னால் பார்க்க வேண்டும். கைகளைச் சேவல் இறக்கை மாதிரி கொஞ்சம் விரித்துக்கொள்ளுங்கள், சமநிலை தானாக வரும்.

ஏற்றத்தில் ஓடாதீர்கள். செங்குத்தான சரிவில் நடைதான் ஓட்டத்தை விடச் சிக்கனம். உலகத் தரமான மலை ஓட்டக்காரர்களும் செங்குத்தில் கையைத் தொடையில் ஊன்றி நடக்கிறார்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. மதுரையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டு ஓடும் வேகத்தில் இங்கே வாயால் மூச்சு விடுவீர்கள். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்துவிட்டு, முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் நாள் மதியமே வந்து தங்கிவிட்டு மறுநாள் காலை ஓடுவது நல்லது. இரவெல்லாம் வளைவு வளைவாகக் கார் ஓட்டிவந்து நேராகப் பாதையில் இறங்குகிறார்களே, அது தப்பு.

ஷூ பற்றி நிறையக் கேட்டிருந்தீர்கள். அது சின்ன விஷயம். அடியில் நான்கைந்து மில்லிமீட்டர் முட்கள் உள்ள ட்ரெயில் ஷூ, சாலை ஷூவை விட அரை அளவு பெரிதாக. இரண்டு நாள் முன்பே கால்விரல் நகத்தை வெட்டிவிடுங்கள். கடைசித் துளையிலும் கயிற்றைக் கோத்துக் கணுக்காலோடு இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கி, கட்டைவிரல் நகம் கறுத்துவிடும்.

ஷூவை விட முக்கியமானது, அதைக் கழற்ற வேண்டிய இடம். வெள்ளகவி ஊருக்குள் செருப்புப் போட்டு யாரும் நடப்பதில்லை. ஊர் முழுவதும் சாமி இருக்கும் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊர் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானல் ஊர் வருவதற்கு முன்பே வெள்ளகவி இருந்தது என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். மேலே விடுதிகள் வந்தன, ஏரி வந்தது, கார் வந்தது. இந்த ஊருக்குக் கல்யாணச் சீர், அரிசி மூட்டை, பள்ளிப் புத்தகம் எல்லாம் பல தலைமுறையாகக் காலாலும் குதிரையாலும்தான் போயிருக்கின்றன. உடம்பு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். நமக்கு விளையாட்டாக இருக்கிற பாதை அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு. அதனால் எதிரே சுமையோடு யார் வந்தாலும் நில்லுங்கள், வழி விடுங்கள், வணக்கம் சொல்லுங்கள். காப்பி மூட்டையோடு பொதிக்குதிரை வந்தால் பாதையின் மலைப் பக்கம், உள்ளே ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துக் கீழே தள்ளிவிடும், குதிரைக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஊருக்குள் நுழைந்ததும் ஸ்டாப்வாட்சை நிறுத்துங்கள். ஒரு டீ குடியுங்கள். வீட்டு முற்றத்தையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பட்டர் ஃப்ரூட், ஆரஞ்சு, மலைவாழை என்று பருவத்துக்கு என்ன இருக்கிறதோ அதைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

அனுமதி விஷயத்தில் குறுக்கு வழி தேடாதீர்கள். டால்பின் நோஸ் வரை சுற்றுலாப் பயணிகள் தினமும் போய்வருகிறார்கள். அதற்குக் கீழே போவது வேறு. கொடைக்கானல் காடுகள் 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. வட்டக்கானல் – வெள்ளகவி பாதை, 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் நாற்பது பாதைகளில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். "வழிகாட்டியோடு போனால் ஓட முடியாதே" என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த ஏற்றத்தில் உங்களையும் என்னையும் மூச்சு வாங்கவைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஓட விரும்புவதை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுவிடுங்கள். அவர்கள் நடக்கத்தான் வேண்டும் என்றால் நடந்துவிட்டு வாருங்கள், டால்பின் நோஸ் வரைக்கும் மட்டும் ஓட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று, பக்கத்துத் தேனி மாவட்டத்தில் குரங்கணியில் நடந்ததை மறக்க முடியாது. மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்லில் பிடித்த தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ எப்போதும் மேல்நோக்கித்தான் வேகமாகப் பரவும். கீழே எரிகிற தீயின் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. புல்மேட்டில் மனிதன் தீயை முந்தி ஓட முடியாது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. கோடைத் தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள் என்றால் அது இதற்காகத்தான். நீங்கள் ஜனவரியைத் தேர்ந்தெடுத்தது சரி; வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் முழுதாகக் காய்ந்திருக்காது.

விலங்குகளைப் பொறுத்தவரை, நடப்பவரை விட ஓடுபவருக்குத்தான் ஆபத்து அதிகம். காட்டுமாடோ கரடியோ மனிதனைத் தேடி வருவதில்லை. தூரத்தில் சத்தம் கேட்டால் அதுவே விலகிப் போய்விடும். ஓடுகிறவர் சத்தம் குறைவாக, வேகமாக, வளைவு திரும்பியதும் நேருக்கு நேர் போய் நின்றுவிடுகிறார். விலகிப்போக அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதனால் காதில் பாட்டு வேண்டாம். மறைவான ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்துக் கை தட்டுங்கள், சத்தமாகப் பேசுங்கள். கொடைக்கானலில் காட்டுமாடு தெருவிலேயே சாவதானமாக நிற்பதால் பலருக்குப் பயம் விட்டுப்போயிருக்கிறது. ஆயிரம் கிலோவை நெருங்கும் உடம்பு அது. தனியாக நிற்கும் கிடாவிடம் இன்னும் கவனம் வேண்டும். தலையைத் தாழ்த்தி மூச்சை ஊதினால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்கிப் பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள். வெள்ளகவிக்குக் கீழே கும்பக்கரைப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. அந்தப் பக்கம் இந்த முறை போகாதீர்கள். ஓடுகிற எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்திலேயே ஓட வேண்டும், முன்னே போகிறவர் ஒவ்வொரு பிரிவுப் பாதையிலும் நிற்க வேண்டும். செல்போன் சிக்னலை நம்பி யாரையும் பின்னால் விடாதீர்கள்.

நேரம். ஜனவரியில் சூரியன் உதிக்கவே 6.40 ஆகிவிடும். இருட்டில் கிளம்பாதீர்கள். வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் பாறைக்கு ஏழேகால் வாக்கில் போய்விடலாம். அந்த நேரத்தில் கீழே பெரியகுளம் சமவெளி தெளிவாகத் தெரியும், கண்மாய்கள் ஒவ்வொன்றும் வெள்ளித் தகடு மாதிரி மின்னும். வெயில் ஏறஏறப் பள்ளத்தின் காற்று சூடாகி மேலே கிளம்பும், மேலே வந்து குளிர்ந்து மேகமாகும். பத்து மணிக்கு மேல் வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மேகம் ஏறி வரும் விதமே தனி: முதலில் எதிர்மலை போகும், பிறகு கீழே தெரிந்த மரங்கள் போகும், பிறகு பாறையின் நுனி போகும். ஐந்தே நிமிடம்.

பாறைக்குப் போனவுடன் நுனிக்குப் போகாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஓடி நின்றதும் இரத்தம் காலில் தங்கி, அழுத்தம் குறைந்து, சில நிமிடங்களுக்குத் தலை லேசாகச் சுற்றும். தொடையும் நடுங்கிக்கொண்டிருக்கும். சாலையில் அது ஒன்றுமே இல்லை. கைப்பிடி இல்லாத ஈரப்பாறையின் விளிம்பில் அதுதான் எல்லாமே. அங்கிருந்து விழுந்தவர்கள் உண்டு. பின்னால் தள்ளி உட்கார்ந்து ஐந்து நிமிடம் தண்ணீர் குடியுங்கள். பாறை ஈரமாக இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள், அங்கிருந்தும் அதே மலைதான் தெரியும்.

குளிர் என்று கனமான ஸ்வெட்டர் போடாதீர்கள். 1,000 மீட்டர் இறங்கினால் ஆறேழு டிகிரி கூடும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று போதும், மேலே திரும்பி வந்து வியர்வையோடு நிற்கும்போதுதான் அது தேவைப்படும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டில் மலைக்கு மேலே தடை, அதனால் மடிக்கும் பையோ எவர்சில்வர் பாட்டிலோ. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்பும் எலுமிச்சையும். இறங்கும்போது பசிக்காது, ஆனாலும் அரை மணிக்கு ஒருமுறை ஒரு வாய் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் எரிபொருள் இறக்கத்திலேயே உள்ளே போயிருக்க வேண்டும். கணுக்கால் பிசகினால் சுற்ற ஒரு கிரேப் கட்டு, ஒரு விசில். காரில் வருவதானால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம்.

முட்டி வலி நண்பரைப் பற்றி. படி இறங்கும்போதே அவருக்கு வலிக்கிறது என்றால் வெள்ளகவி அவருக்கு வேண்டாம். இறக்கத்தில் முட்டியில் இறங்கும் பாரம் சமதளத்தைவிட மிக அதிகம்; வலி வந்தாலும் பாதியில் நிறுத்த முடியாத பாதை இது. அவர் இரண்டு ஊன்றுகோலோடு டால்பின் நோஸ் வரை நிதானமாக நடந்து வரட்டும். வழியில் சின்னக் கடைகளில் எலுமிச்சை டீயும் பிரெட் ஆம்லெட்டும் கிடைக்கும். நீங்கள் இருவரும் எத்தனை மணிக்கு மேலே வருவீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆனால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. சிறுமலையில் முதல் இறக்கத்தை ஓடி முடித்த மறுநாள் தொடை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், அதைப் பார்த்து வாரக் கணக்கைச் சரிசெய்து சொல்கிறேன்.